போட்டோஸ்டாட் கடைப் பதில்கள்: படமா, எழுத்தா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என் கடை. போட்டோஸ்டாட், தட்டச்சு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் உண்டு. 1979இல் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துப் பொறுக்கும் பையனாகச் சேர்ந்தவன் நான். தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார், நான் எழுத்துப் பொறுக்கினேன். இரண்டுமே விடியற்காலை வேலைதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்னூல், மின்பதிப்பு, இணைய நூலகம் பற்றியே இருந்ததால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். நாள்காட்டி அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் பள்ளியின் 75ஆம் ஆண்டு மலரை இந்த முறை மின்னூலாக வெளியிடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவு செய்தோம். அச்சகக்காரர் "பிடிஎஃப் கொடுக்கிறேன், அதுதான் மின்னூல்" என்கிறார். சரியா?
— தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலகங்சார்

பாதி சரி டீச்சர். மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

பிடிஎஃப் 1993இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சு இயந்திரத்துக்கு அனுப்பினாலும் பக்கம் இம்மியும் அசையக் கூடாது என்பதற்காகவே பிறந்தது அது. 2008இல் அனைத்துலகத் தரமாகவும் ஆனது. அச்சுக்குப் போகும் கோப்புக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அசையாது என்பதே அதன் குறையும்கூட. ஏ4 தாளுக்கு இரண்டு பத்தியாகக் கட்டிய பக்கம் கைப்பேசியிலும் ஏ4 தாளாகவேதான் நிற்கும்.

போன வருடம் ஒரு மலரை அப்படித்தான் என் மனைவியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். இரண்டு விரலால் விரித்தாள். வரி முடிகிற இடத்துக்கு வலப்பக்கம் தள்ளினாள், அடுத்த வரிக்காக மறுபடி இடப்பக்கம் இழுத்தாள். இழுத்ததில் பக்கமே மாறிப்போனது. மூன்றாம் நிமிடம் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க வாசிச்சு சொல்லுங்க" என்றாள். உங்கள் மலரை வாசிக்கப்போகும் பெற்றோரும் கைப்பேசிக்காரர்கள்தான். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிவிட்டு, சோற்று நேரத்தில் பிள்ளையின் கட்டுரையைத் தேடுபவருக்கு அந்த ஏ4 பக்கம் எதற்கு?

அவருக்கு ஏற்றது இபப் (EPUB) என்ற மின்னூல் வகை. 2007இல் தரமாக வந்தது. ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். ஏதாவது ஓர் இபப் கோப்பின் பிரதியை எடுத்து, பெயரின் வால்பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே உள்ளது எல்லாம் தெரியும். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சின்ன வலைப்பக்கம், படங்களுக்கு ஒரு கோப்புறை, எது முதலில் எது பின்னால் என்று சொல்லும் ஒரு பட்டியல். அவ்வளவுதான் மின்னூல், மந்திரம் ஒன்றும் இல்லை. வலைப்பக்கம் என்பதால் திரை சிறியதானால் வரி தானாக மடங்கும். கண் மங்கிய பாட்டி எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடுமே தவிர எதுவும் வெட்டுப்படாது.

அதற்காக பிடிஎஃப்பைக் கைவிட வேண்டாம். மூன்று வரிசையில் மாணவர்கள் நின்று, கீழே இடமிருந்து வலமாகப் பெயர் போட்ட வகுப்புப் படம் இருக்கிறதே, அது இபப்பில் படம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கமாகப் பிரிந்துவிடலாம். பக்க எண்ணும் நிலையாக இருக்காது, "37ஆம் பக்கம் பார்" என்று யாருக்கும் சொல்ல முடியாது. இரண்டையும் செய்யுங்கள். வேர்டில் தட்டச்சு செய்யும்போதே தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியை (Heading) கொடுத்துவிட்டால், காலிபர் என்ற இலவச மென்பொருள் பத்து நிமிடத்தில் இபப் ஆக்கித் தரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் நம் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. கணினிக்கு அது கொழுத்த எழுத்து, அவ்வளவுதான்.

அச்சகக்காரர் கொடுக்கும் பிடிஎஃப்பை வாங்குமுன் ஒரு சோதனை. நடுவில் ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாக வந்து விழுந்தால் பணம் கொடுங்கள். கட்டமும் கேள்விக்குறியுமாக விழுந்தால் உள்ளே எழுத்து குழம்பிக் கிடக்கிறது. வரியைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால் அவர் கொடுப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். இரண்டிலும் ஒரு மாணவியின் பெயரைத் தேடினால் வாழ்நாளுக்கும் கிடைக்காது.

அப்புறம் ஐஎஸ்பிஎன், அதாவது நூலுக்குக் கொடுக்கும் அனைத்துலக அடையாள எண். கோலாலம்பூர் தேசிய நூலகம்தான் நம் நாட்டில் அதை வழங்குகிறது. 2007 முதல் 13 இலக்கம். அச்சுப் பிரதிக்கு ஓர் எண், இபப்புக்கு வேறு எண். அச்சிட்ட பிரதிகளை அந்த நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 1986இலேயே சட்டம் உண்டு. அதைத் தொல்லையாகப் பார்க்காதீர்கள். நம் பள்ளி அலமாரியில் கரையான் ஏறினாலும் ஒரு பிரதி எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கும்.

1997இல் எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரைக் கணினியில்தான் கோத்தோம். அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும் கமாவுமாக வருகிறது. வைரஸ் பிடித்துவிட்டதா அண்ணே?
— ஆலயச் செயலாளர், லிந்தாங்

வைரஸ் இல்லை தம்பி. உங்கள் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை வாசிக்கத் தெரிந்த எழுத்துருதான் செத்துப்போனது.

இதைச் சொல்ல என் பழைய தொழிலுக்குப் போக வேண்டும். "தோட்டம்" என்று ஈய எழுத்தில் கோக்க வேண்டுமானால் இடக்கையில் எழுத்து அடுக்கும் ஸ்டிக், வலக்கை எழுத்துப் பெட்டியான கேஸில் மேயும். முதலில் இரட்டைக் கொம்பு, அடுத்து த, அடுத்து கால். பிறகு புள்ளி வைத்த ட் ஒரே துண்டாக இருக்கும், அப்புறம் ட, கடைசியில் ம். ஆறு துண்டு. கண்ணுக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படியே கை எடுக்கும். "தோ" என்ற ஒலியை நாங்கள் நினைப்பதே இல்லை. கொம்பு, த, கால்.

1980களில் கணினிக்குத் தமிழ் வந்தபோது எழுத்துரு செய்தவர்களும் இதையேதான் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருந்த கட்டத்துக்குள் தமிழ் உருவத்தைத் திணித்தார்கள். கணினி தன் கணக்கில் ஆங்கில எழுத்தைத்தான் சேமித்தது, திரையில் மட்டும் தமிழ் வேடம். எந்தக் கட்டத்தில் எந்த உருவம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் எழுத்துருவில் "ம" இருந்த இடத்தில் இன்னொருவர் "லூ" வைத்திருந்தார். நீங்கள் இன்று பார்க்கும் டாலரும் கமாவும் வேடம் கலைந்த பிறகு தெரிகிற ஆள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நிறைய கூட்டம் போட்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில்தான் தமிழ்99 விசைப்பலகையும் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று பொதுவாக வகுத்த டாப், டாம் என்ற குறியாக்கங்களும் வந்தன. திஸ்கி என்று வேறொன்றும் புழக்கத்தில் இருந்தது. 2001 தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் என்ற மென்பொருளை வைத்துத்தான் நான் தட்டச்சு பழகினேன். கைப்பேசியில் தமிழ் எழுத அவரே 2005இல் செல்லினம் கொண்டுவந்தார். இதை எழுதும்போது ஊர்ப் பெருமை கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நின்றது யூனிகோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கம். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 கட்டம் ஒதுக்கிவிட்டார்கள். இது ஆங்கிலக் கட்டத்தைக் கடன் வாங்குவது அல்ல, தமிழுக்கே பட்டா போட்ட நிலம். 247 எழுத்துக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டியிருந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறு. யூனிகோடில் "தோட்டம்" என்பது த, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி. ஏழு. கொம்பை முதலில் எடுப்பது இல்லை. வாய் உச்சரிக்கிற வரிசையில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போடுகிறது. இருபது வருடம் கையால் பொறுக்கியவனுக்கு இது பிடிபட ஒரு வாரம் ஆனது. அச்சுக்கோப்பவன் கண்ணால் எழுதினான், யூனிகோடு காதால் எழுதுகிறது.

சரி, உங்கள் கோப்புக்கு வருகிறேன். அதை அழிக்காதீர்கள். எந்த எழுத்துருவில் கோத்தது என்று பெயரைக் கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்தில் பரவலாக ஓடிய எழுத்துரு என்றால் இணையத்தில் இலவச மாற்றி கிடைக்கும், ஒட்டினால் யூனிகோடாகத் திருப்பித் தரும். மாற்றியபின் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். "ஔ" என்று வரவேண்டியது "ஒ", "ள" என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கால் போட வேண்டிய இடத்தில் "ர" உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால்தான் அகப்படாது.

என் கதை இதைவிட மோசம். 1999இல் ஒரு தோட்டக் கோயிலுக்கு 112 பக்க மலர் கோத்தேன். எழுத்துருவை ஒரு விற்பனையாளரிடம் நல்ல காசு கொடுத்து வாங்கியிருந்தேன். திருட்டுத்தனமாக நகலெடுக்கக் கூடாதென்று, கணினியின் பின்னால் அச்சு இயந்திரக் கம்பி செருகும் இடத்தில் ஒரு சின்னக் கட்டையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கட்டை இருந்தால்தான் எழுத்துரு வேலை செய்யும். ஆறு வருடம் கழித்துக் கணினி மாற்றினேன். புதியதில் அந்தத் துளையே இல்லை. விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், தொலைபேசியில் ஒரு மலாய்ப் பெண் குரல் இந்த எண் பயன்பாட்டில் இல்லை என்றது. தோட்டமும் அதற்குள் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்து, சனங்கள் பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) சிதறிப்போயிருந்தார்கள். யார் யார் எந்த லயத்தில் இருந்தார்கள், கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு எல்லாம் அந்த மலரில்தான். அச்சிட்ட பிரதி ஒன்றைப் வேலையாட்களை மேய்த்த பழைய தண்டல் ஒருவர் வீட்டில் வாங்கிவந்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு 112 பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்தேன். இப்போது யாராவது பூட்டுப் போட்ட எழுத்துரு, பூட்டுப் போட்ட மென்பொருள் என்று விற்க வந்தால் தே தாரேக் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) பாடத்துக்காக அவசரகாலத்தில் நம் வட்டாரத் தோட்டங்கள் எப்படி இருந்தன என்று ஆய்வு செய்கிறேன். கோலாலம்பூருக்குப் போகாமல் இணையத்திலேயே பழைய தமிழ்ப் பத்திரிகை, புத்தகம் பார்க்க முடியுமா அங்கிள்?
— படிவம் 6 மாணவி, சுங்கை சிப்புட்

நல்ல தலைப்பு பாப்பா, அதுவும் நம் ஊர்ப் பிள்ளை எடுத்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை வைத்துத்தான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலமே ஆரம்பித்தது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொள், அதுதான் உன் சாவி.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு அதில் உண்டு. அப்போது மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வாசகர் கூட்டம், தோட்டத்துச் செய்தியெல்லாம் அதில் வரும். ஆனால் தமிழ்ப் பக்கத்தில் சொல் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும் என்று நம்பி உட்காராதே. பக்கத்தைப் படமாக எடுத்து, அதிலிருந்து கணினி எழுத்தை ஊகிக்கிறது. இதை ஓசிஆர் என்பார்கள். அந்தக் காலத்து லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து நிற்கும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது, நம் அச்சகங்கள் அதற்கும் பின்னால்தான் மாற்றின. அந்தத் தும்பிக்கையைப் பார்த்தால் கணினிக்குத் தலை சுற்றும். எனவே தேதியை வைத்து ஒவ்வொரு நாளாகப் புரட்டு. அதே இடத்தில் அக்கால ஆங்கில நாளிதழ்களும் இருக்கின்றன, ஆங்கிலத்தில் சொல் தேடல் நன்றாகவே வேலை செய்யும். முதலில் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயரைத் தேடி நாளைக் கண்டுபிடித்து, பிறகு அதே நாள் தமிழ் இதழுக்குப் போ. சில இதழ்களை அந்த நூலகத்துக்குள் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும், அது உன் அதிர்ஷ்டம்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. நம் ஊரையே சுங்கை சிப்புட், சுங்கைசிப்புட், சுங்கை சீப்புட் என்றெல்லாம் பல விதமாக அச்சடித்திருக்கிறார்கள், நானே மூன்று விதத்தில் கோத்திருக்கிறேன். தோட்டத்துக்கோ கம்பெனி வைத்த பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் ஒன்று. பாட்டியிடம் கேட்டு இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடு. கணினிக்குப் புத்தி இல்லை, எழுதியதை மட்டும்தான் தேடும்.

நம் நாட்டின் தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அதன் பழைய இதழ்களுக்குத் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் விசாரித்துப் பார். கோலாலம்பூர் போகாமல் முடியாதா என்று கேட்டாய். முழுக்க முடியாது பாப்பா, ஒரு தடவையாவது ரயில் ஏற வேண்டியிருக்கும்.

புத்தகங்களுக்குப் பல இடம் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் என்பவர் ஒருங்கிணைக்க, உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். அங்கே இருப்பது எழுத்து. ஒரு சொல்லைத் தேடலாம், வெட்டி எடுத்துக் கட்டுரையில் ஒட்டலாம். சென்னையில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 2005இல் இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய நூலகம் தளத்திலும் பெரும்பாலும் பக்கங்களின் படம் இருக்கும். புத்தகத்தின் அட்டை, பழைய விளம்பரம், விலை எல்லாம் அசலாகப் பார்க்கலாம், ஆனால் சொல் தேட முடியாது. ஆய்வுக்கு இரண்டும் வேண்டும். எதில் எது கிடைக்கும் என்று தெரிந்து போனால் நேரம் மிச்சம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் பல 2015இல் மின்வடிவம் பெற்றன, அவையும் அந்த நாட்டு நூலக வாரியத்தில்தான். இன்னொரு இடம், 1996 முதல் நடக்கும் இணைய ஆவணகம். அங்கே குப்பையும் மாணிக்கமும் கலந்து கிடக்கும், பொறுமை இருந்தால் போ.

நூற்பட்டியலில் ஒரு புத்தகத்தின் பெயர் வந்ததும் துள்ளிக் குதிக்காதே. பட்டியல் வேறு, புத்தகம் வேறு. அந்தப் புத்தகம் உலகத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் பட்டியல் சொல்லும்.

பார்த்த பக்கத்தின் முகவரியையும் பார்த்த தேதியையும் அன்றன்றே எழுதி வைத்துவிடு. வலைப்பக்கம் இடம் மாறும், சில நேரம் காணாமலே போகும். ஆய்விதழ்க் கட்டுரை என்றால் 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ என்ற எண் இருக்கிறதா பார். தளம் மாறினாலும் அந்த எண் கட்டுரையைத் தேடிக் கொடுக்கும்.

எங்கள் புலனக் குழுவில் தினம் பத்துப் பதினைந்து நாவல்கள் பிடிஎஃப்பாக வருகின்றன. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்கூட இருக்கிறது. வாசிப்பது தப்பா? நான் காசுக்கு விற்கவில்லையே.
— ஓய்வு பெற்ற கிராணி, தைப்பிங்

ஐயா, தோட்டத்தில் கணக்கு எழுதியவர் நீங்கள். சீட்டில் பதியாமல் பால் வெளியே போனால் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டு 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் வாழும் காலமும் அவர் இறந்து 50 ஆண்டும் உரிமை நிற்கும். இந்தியாவில் 60 ஆண்டு. காசு வாங்கவில்லை என்பது தப்பைச் சரியாக்காது. இணையத்தில் கிடைக்கிறது என்பதும் அனுமதி ஆகாது. ஆனால் இலவசமாகவும் முறையாகவும் வாசிக்க வழி நிறையவே இருக்கிறது. உரிமைக்காலம் கடந்தவை உண்டு. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் உண்டு, பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு 1949இலேயே வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொது ஆக்கிவிட்டது. எழுதியவரே "எடுத்துக்கொள்ளுங்கள், பகிருங்கள்" என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்தவையும் உண்டு. 2013 முதல் இப்படிப்பட்ட மின்னூல்களையே வெளியிட ஒரு தன்னார்வக் குழு தமிழில் இயங்குகிறது. மற்றவர்களுடையதைக் காசு கொடுத்து வாங்குங்கள். நம் நாட்டில் ஒரு தமிழ் நாவல் ஐந்நூறு பிரதி விற்றால் எழுத்தாளர் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கிறார், அது உங்களுக்குத் தெரியாததா?

அறுபது கவிதை வைத்திருக்கிறேன். அச்சகத்தில் கேட்டால் ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். மின்னூலாக நானே போட்டால் உலகம் முழுக்க விற்கலாம் என்கிறான் என் மகன். உண்மையா?
— பாதுகாவலர், செம்மோர்

உண்மைதான். அமேசானின் கிண்டிலில் தமிழ் நூலை ஆசிரியரே ஏற்றும் வசதி 2016 இறுதியில் வந்தது. காகிதம் இல்லை, மை இல்லை, கட்டிலுக்கடியில் விற்காத கட்டும் இல்லை.

ஆனால் அண்ணே, அச்சகக்காரன் வாங்கும் காசில் பாதிதான் காகிதத்துக்கு. மீதி, பிழை பார்த்ததற்கு, பக்கம் கட்டியதற்கு, "இந்தக் கவிதை வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னதற்கு. மின்னூலில் அந்த ஆள் இல்லை. அறுபதையும் நாற்பது ஆக்கித் தர ஒருவரைத் தேடுங்கள். நல்ல தமிழாசிரியர் யாரிடமாவது பிழை திருத்தக் கொடுங்கள், சும்மா கொடுக்காதீர்கள். கவிதை வரி எங்கே உடைய வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்களோ அங்கே கைப்பேசி உடைக்காது, குறுகிய திரையில் நீள வரி இரண்டாக மடங்கும். அதற்கு ஏற்ற மாதிரி வரியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க விற்பது மகன் சொன்னது மாதிரி சுலபம்தான், வாங்குவது யார் என்பதுதான் அவன் சொல்லாதது. செம்மோரில் உங்களைத் தெரிந்த ஐம்பது பேருக்காக ஐம்பது பிரதி மட்டும் அச்சடிக்கவும் இப்போது முடியும். அதையும் யோசியுங்கள்.

கோப்புகளைச் சிடி தட்டில் பதிந்து வைத்தால் எத்தனை வருடம் தாங்கும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

சொல்ல முடியாது. என் கடையில் ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது, இன்னொன்றில் பூஞ்சை பூத்திருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு எதுவும் தாங்காது. மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம், தங்கச்சி வீடாகவும் இருக்கலாம். வருடம் ஒருமுறை, சொல்லப்போனால் ஆயுதபூசை அன்று, மூன்றையும் திறந்து பாருங்கள்.

எங்க அப்பா தோட்டத்துக் கோயிலுக்குக் கணக்கப்பிள்ளையா இருந்தார். அவர் கையாலே எழுதின 1960கள் வரி நோட்டு ரெண்டு என்கிட்ட இருக்கு. யார் எவ்வளவு வரி கொடுத்தாங்கன்னு பேரோட இருக்கும். காகிதம் ஒடியுது. பேரன் போட்டோ எடுத்து வச்சா போதும்ங்கறான். போதுமா தம்பி?
— வாசகி, வயது 71, பழைய தோட்டத்து ஆள்

அக்கா, இந்தக் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், பதில் கடைசியில் எழுதுகிறேன்.

பேரன் சொல்வது தொடக்கத்துக்குச் சரி. முதலில் படம்தான் எடுக்க வேண்டும். தைத்த நூலைப் பிரிக்காதீர்கள், ஒடிகிற தாளை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காதீர்கள். சன்னல் ஓரம் மேசை போட்டு, நேர் வெயில் படாமல், நோட்டுக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பிளாஷ் வேண்டாம், பென்சிலில் எழுதியது மறைந்துபோகும். அட்டை, வெற்றுப் பக்கம், மடித்துச் செருகிய சீட்டு எதையும் விடக் கூடாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டத்தின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் வரட்டும். கைப்பேசி தானாகப் போடும் எண்ணை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் பேரனுக்கே எது எது என்று தெரியாது. முக்கியமான இன்னொன்று, புலனத்தில் அனுப்பாதீர்கள். புலனம் படத்தைச் சுருக்கிவிடும், அப்பா கையெழுத்தின் மெல்லிய சுழி எல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும்.

ஆனால் படம் மட்டும் போதாது அக்கா. நாளைக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு பிள்ளை தன் தாத்தா பெயரைத் தேடினால் படத்துக்குள் இருக்கும் பெயர் அகப்படாது. அதைத் தட்டச்சு செய்யத்தான் வேண்டும். அச்செழுத்து என்றால் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் அதுவே எழுத்தாக்கித் தரும், நானும் தினம் அப்படித்தான் செய்கிறேன். கையெழுத்தை அதனிடம் கொடுத்தால் கன்னாபின்னா என்று ஏதாவது வாசிக்கும். அதற்கு நீங்கள்தான் வேண்டும். அப்பா "மு" எப்படிப் போடுவார், "கா" என்றால் காத்தாயியா காளியம்மாளா, ஒரே பெயரில் மூன்று முனியாண்டி இருந்தால் எந்த லயத்து முனியாண்டி, இதெல்லாம் எந்தக் கணினிக்கும் தெரியாது. நீங்கள் வாசியுங்கள், பேரன் தட்டட்டும். பெயர், தொகை, ஆண்டு, பக்கம் என்று நாலு கட்டம் போதும். பெயரை அப்பா எழுதியபடியே தட்டட்டும், திருத்தம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த விவரத்தைத் தனிக் கட்டத்தில் சேர்க்கலாம். வரிப்பாக்கி வைத்தவர் பெயர் வரும்போது உயிரோடு இருப்பவர் யாராவது சங்கடப்படுவாரா என்று மட்டும் ஒருமுறை யோசித்து, பிறகு வெளியே கொடுங்கள்.

பேரனுக்குப் பரீட்சை என்றால் இங்கே கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். திங்கட்கிழமை கடை பூட்டியிருக்கும், செவ்வாய் காலை பத்து மணிக்கு மேல் வந்தால் வாடிக்கையாளர் கூட்டம் இருக்காது. நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வேர்க்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.